இடப்பக்கம் காலியாக இருக்கட்டும்

வேதபாடக் குறிப்பு நோட்டுகள் பெரும்பாலும் லேவியராகமத்துக்குள் நுழைவதில்லை. பல வருஷமாகப் பிறர் நோட்டுகளை வாங்கிப் புரட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டையோடு வீட்டுக்கு வருகிற சூட்டில், ஜவுளிக்கடை கொடுத்த டைரியை எடுத்து, ஜனவரி முதல் தேதிப் பக்கத்தில் ஆதியாகமம் ஒன்றாம் அதிகாரம் என்று கொட்டை எழுத்தில் தொடங்குவார்கள். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க வேண்டுமென்றால் தினம் மூன்று அதிகாரத்துக்குச் சற்று மேலே வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஜனவரி முடிகிற நேரத்தில் சர்வாங்க தகனபலி, போஜனபலி என்று வந்து நிற்கும். பிப்ரவரிப் பக்கங்களில் பால் கணக்குதான் இருக்கும்.

பலிகளின் மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் ஜனவரிப் பக்கங்களை நிதானமாக வாசித்தால் வேறு காரணம் தெரியும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வசனம், அதன் கீழே ஒரு புத்திமதி. ஆபிரகாமைப் படித்த நாளிலும் விசுவாசமாக இருக்க வேண்டும். யோசேப்பைப் படித்த நாளிலும் விசுவாசமாக இருக்க வேண்டும். ஆகாரைப் படித்த நாளில் ஒன்றுமே இல்லை. அவளை அந்தப் புத்திமதிக்குள் அடக்க முடிந்திருக்காது. வாசிப்பதற்கு முன்னாலேயே தெரிந்த விஷயத்தை வருஷம் முழுக்க எழுத யாருக்குப் பொறுமை இருக்கும்?

நான் புவியியல் வாத்தியார். பாளையங்கோட்டை வட்டாரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இறையியல் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. சபையில் வாலிபர் வேதபாடம், கல்லூரி மாணவர் ஜெபக்குழு, மே மாத முகாம், பிறகு வீட்டுக்கூட்டங்கள் என்று இதே வேலையாக இருந்துவிட்டேன். குறிப்பெடுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். பிரசங்கத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அதில் எனக்கும் நிம்மதி, சபைக்கும் நிம்மதி.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். எழுபதுகளின் தொடக்கத்தில், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் உட்காருவோம். முதல் நாள் பிலேமோன் நிருபத்தைக் கொடுத்தார். மொத்தம் 25 வசனம். "ரெண்டு தரம் சும்மா வாசிங்க தம்பி. பேனாவைத் தொடக் கூடாது" என்றார். மூன்றாம் தரம் வாசிக்கும்போது ஆட்களின் பெயரை மட்டும் எழுதச் சொன்னார். எங்களுக்கு ஏமாற்றம். ஆழமான சத்தியங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் நாங்கள். "கடுதாசின்னா போட்டது யாரு, வாங்கினது யாரு, கொண்டுபோனது யாரு? அதப் பாக்காம உள்ள என்ன இருக்குன்னு பிரிக்கக் கூடாதுல்லா" என்றார்.

இயேசுவின் பெயரை விட்டுவிட்டுப் பார்த்தால் பதினொரு பெயர் வந்தது. பவுல், தீமோத்தேயு, பிலேமோன், அப்பியாள், அர்க்கிப்பு, ஒநேசிமு, எப்பாப்பிரா, மாற்கு, அரிஸ்தர்க்கு, தேமா, லூக்கா. அடுத்த வாரம் கொலோசெயர் நிருபம். அங்கேயும் பெயர் மட்டும். பிலேமோன், அப்பியாள் இருவரைத் தவிர மற்ற ஒன்பது பேரும் அதிலும் இருந்தார்கள். கூடவே தீகிக்கு என்று ஒருவர். பவுலின் செய்தியை எடுத்துக்கொண்டு போகிறவர். அவரோடு ஒநேசிமுவும் போகிறான். போஸ்ட்மாஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியளா, ஒரே பையில ரெண்டு தபால்!" சபை முழுவதற்கும் ஒன்று, ஒரு வீட்டுக்கு ஒன்று. வியாக்கியானப் புத்தகம் எதையும் திறக்காமல், வெறும் பெயர்ப்பட்டியலை வைத்தே அவ்வளவு தூரம் வந்திருந்தோம்.

எங்களில் ஒருவன் நோட்டில் 'ஒநேசிமு எஜமானை விட்டு ஓடிப்போனவன்' என்று எழுதியிருந்தான். ஓய்வுநாள் பள்ளியில் எல்லாரும் கேட்டு வளர்ந்த செய்தி. ஐயா அதை அடிக்கவில்லை. "எந்த வசனம்?" என்று மட்டும் கேட்டார். தேடினோம். பிரிந்து போயிருந்தான் என்பது இருந்தது. அவனால் நஷ்டம் ஏதும் வந்திருந்தால் தானே ஈடுசெய்வதாகப் பவுல் ஒப்புக்கொள்வது இருந்தது. ஓடிப்போனதாக எங்கேயும் இல்லை. "நீ சொல்றது சரியாவும் இருக்கலாம். ஆனா அது இடப்பக்கம்" என்றார்.

அவருடைய முறை அவ்வளவுதான். நோட்டை விரித்தால் வலப்பக்கத்தில் வசனத்தில் கண்ணுக்குத் தெரிவது மட்டும். யார், எங்கே, எப்போது, என்ன செய்தார்கள், எது திரும்பத் திரும்ப வருகிறது, பேச்சு எங்கே திசை மாறுகிறது. இடப்பக்கத்தில் மற்றதெல்லாம்: கேள்வி, ஊகம், வியாக்கியானக்காரர் சொன்னது, பிரசங்கத்தில் கேட்டது, மனசில் உறைத்தது. முதல் நாளில் இடப்பக்கம் அநேகமாகக் காலியாகத்தான் கிடக்கும். நோட்டு வீணாகிறதே என்று அதை நிரப்பப் பார்க்கிறவர்களை நான் தடுத்துக்கொண்டே இருப்பேன். பத்து வருஷம் கழித்து அதே பகுதிக்குத் திரும்பி வரும்போது எழுத இடம் வேண்டாமா? என் பிலேமோன் நோட்டில் தேமாவின் பெயருக்கு எதிரே வேறு வேறு மையில் எழுத்து இருக்கிறது. இரண்டு கடிதங்களில் வாழ்த்துச் சொன்னவன், 2 தீமோத்தேயுவில் பவுலைக் கைவிட்டுப் போய்விட்டான். அதற்குக் கீழே மாற்கு. அப்போஸ்தலர் 15-இல் அவனைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று பவுலும் பர்னபாவும் சண்டைபோட்டுப் பிரிகிறார்கள். தேமா விட்டுப்போன அதே அதிகாரத்தில் மாற்குவைக் கூட்டிவரச் சொல்கிறார் பவுல். இந்த இரண்டு வரிகளுக்கும் இடையே பல வருஷம் போயிருக்கிறது. முதல் நாளே எழுத முயன்றிருந்தால் ஒத்தவாக்கிய அகராதியைப் பார்த்து நகல் எடுத்ததாகத்தான் இருந்திருக்கும்.

பிற்பாடு மாணவர் கூட்டங்களில் இதையே கவனித்தல், பொருள் காணுதல், கைக்கொள்ளுதல் என்று மூன்று படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல முறைதான். ஆனால் ஒரு மணி நேரக் கூட்டத்தில் முதல் படிக்கு ஐந்து நிமிஷம் கொடுத்துவிட்டு மூன்றாம் படிக்குத் தாவுவதுதான் வழக்கமாகிப்போனது. கைக்கொள்ளுதல் பகுதியில் எல்லாருக்கும் பேச வருகிறது. முதல் பகுதியில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த மௌனத்தைத் தாங்குகிற வேதபாடத் தலைவர்கள் குறைவு.

தாள், பேனா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வேதாகமத் தாள் மெல்லிசு. மைப்பேனாவால் ஓரத்தில் எழுதினால் மறுபக்கம் ஊறும், பால்பாயிண்டை அழுத்தினால் தடம் விழும். பென்சில்தான் வழி. வசதி உள்ளவர்கள் பைண்டிங் கடையில் வேதாகமத்தைப் பிரித்து, தாளுக்குத் தாள் நடுவே வெள்ளைத்தாள் வைத்துத் தைத்து வாங்குவார்கள். 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் குறிப்பு எழுதியிருக்கிறார். எங்கள் பக்கம் அப்படித் தைத்து வாங்கியவர்களில் தொடர்ந்து எழுதியவரை நான் பார்த்ததில்லை. செங்கல் கனத்துக்கு இருந்த அந்தப் புத்தகம் வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற கோடு போட்ட நீள நோட்டு போதும். வேதாகமப் புத்தகம் ஒன்றுக்கு ஒரு நோட்டு. தேதியை ஓரத்தில் சின்னதாக எழுதலாம். பக்க எண் கட்டாயம். கடைசித் தாளில் பொருளடக்கம். டைரிக்கு நான் விரோதி. ரோமர் எட்டாம் அதிகாரத்தைப் பற்றி எழுதியது போன வருஷத்து டைரியிலா, அதற்கு முந்தியதிலா என்று பரணில் தேடிக் களைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

எண்பதுகளில் ஒரு மே மாத முகாமுக்காக 1 கொரிந்தியர் 12, 13, 14 மூன்று அதிகாரங்களையும் ஸ்டென்சில் வெட்டினோம். அதிகார எண் கிடையாது, வசன எண் கிடையாது, பத்தியும் பிரிக்கவில்லை. சைக்ளோஸ்டைல் எடுத்து ஆளுக்கு ஒரு கட்டு. அந்த எண்களைப் போட்டவர் பவுல் அல்ல. இப்போது வழங்குகிற அதிகாரப் பிரிவை 13ஆம் நூற்றாண்டுப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் பெயரில் சொல்வார்கள். புதிய ஏற்பாட்டு வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் போட்டவை. நம் சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு, பவர் ஐயர் தலைமையில் நடந்த திருத்தம், வசனத்துக்கு வசனம் புது வரியில் அச்சாகிறது. அதனால் நம் ஜனங்களுக்கு வேதாகமம் என்றாலே தனித்தனி வசனம். பத்தி என்ற ஒன்று கண்ணில் படுவதே இல்லை.

எண்களை எடுத்துவிட்டதும் பிள்ளைகள் திணறினார்கள். "எங்க சார் முடியுது?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நீங்களே கோடு போடுங்கள் என்று விட்டுவிட்டோம். காலையில் தொடங்கியது மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் போனது. அன்பைப் பற்றிய அந்தப் பகுதி கல்யாண ஆராதனைகளில் கேட்டுக் கேட்டுப் பழகியது, அழைப்பிதழிலும் அச்சாகும். முன்னும் பின்னும் தடுப்பு இல்லாமல் வாசித்தபோதுதான், என் வரம் பெரிதா உன் வரம் பெரிதா என்று அடித்துக்கொள்கிற ஒரு சபைக்கு நட்டநடுவில் அது நிற்பது தெரிந்தது. பாஷைகள், தீர்க்கதரிசனம், அறிவு என்று முன்னால் வந்தவை எல்லாம் அன்புப் பகுதியின் முதல் வரிகளில் வரிசையாகத் திரும்பி வருகின்றன. பையன்கள் வட்டம் போட்டு அம்புக்குறியால் இணைத்தார்கள். ஒரு மாணவி தாளின் ஓரத்தில், 'இது கல்யாணத்துக்கு இல்ல, கமிட்டி மீட்டிங்குக்கு' என்று எழுதினாள். அப்போது எங்கள் சேகரத்தில் தேர்தல் நேரம். தாளைப் பார்த்த குருவானவர் வாய்விட்டுச் சிரித்தார். அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமா என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கூட்டங்கள் வேறு உலகம். தேரிக்காட்டுப் பக்கம், பனைத்தொழில் நடக்கிற ஊர் ஒன்றில் மாற்கு சுவிசேஷத்தை வாரம் ஒரு பகுதியாகப் படித்தோம். வந்தவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. அங்கேயும் குறிப்பெடுப்பு நடந்தது. ஆளுக்கொரு பேரப்பிள்ளை எழுத்தர். அன்றைக்கு ஐந்தாம் அதிகாரம். யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு அவனோடு புறப்படுகிறார். வழியில் பெரும்பாடுள்ள பெண் கூட்டத்துக்குள் வந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவள் நோய்க்கு 12 வருஷம்; சிறுமிக்கு வயது 12. கதைக்கு நடுவே கதையை வைப்பது மாற்குவின் பழக்கம். அத்திமரத்துக்கு நடுவே தேவாலயத்தை வைத்ததும் அப்படித்தான். இதையெல்லாம் நான் வலப்பக்கத்தில் தயாராக எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

எழுபது தாண்டிய ஒரு பாட்டி கேட்டாள்: "வாத்தியாரய்யா, அந்தப் பொம்பள தன் கதைய எல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்த அப்பன் அங்கனயேதான நின்னுருப்பான்?"

வசனத்தைத் திரும்ப வாசித்தோம். முதலில் கெஞ்சிக் கூப்பிட்டவன், அதற்குப் பிறகு கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் செத்துப்போன செய்தி வந்த பிறகும் பேசவில்லை. பாட்டி பேத்தியைப் பார்த்து "இத எழுதுட்டி" என்றாள். அடுத்த வாரம் இன்னொன்று கொண்டுவந்தாள். பிள்ளை எழுந்ததும் இயேசு அதற்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார் என்பது. "படுத்துக் கெடந்த பிள்ளைக்குப் பசிக்கும்லா." நான் வகுப்புக்குக் கொண்டுபோகிற கேள்விகளில் அதற்குப் பிறகு ஒன்று கூடியது: இந்தப் பகுதியில் பேசாமல் நிற்கிறவர் யார்?

ராஜாக்களின் புத்தகங்களுக்கு நோட்டு பத்தாது. பழைய மாதக் காலண்டர் தாள்களைத் திருப்பி, ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டி, நீளமாக விரித்து நடுவில் கோடு போடுவோம். மேலே இஸ்ரவேல், கீழே யூதா. ரெகொபெயாம் காலத்தில் நாடு பிளந்ததில் ஆரம்பித்து, மேல்பாதி கி.மு. 722-இல் சமாரியா விழும்போது நின்றுவிடும், கீழ்ப்பாதி கி.மு. 586-இல் எருசலேம் எரிகிற வரை போகும். மேலே 19 ராஜாக்கள். கீழேயும் 19, ஆட்சியைப் பறித்துக்கொண்ட அத்தாலியாளையும் சேர்த்தால் 20. ஒரு கட்டத்தில் இரண்டு பக்கமும் யோராம் என்ற பெயரிலேயே ராஜா. எழுதிப் பார்க்காமல் இந்தச் சிக்கலைப் பிரிக்க முடியாது. யூதா ராஜாக்களுக்கு அநேகமாகத் தாயின் பெயர் சொல்லப்படுகிறது, இஸ்ரவேல் ராஜாக்களுக்கு அநேகமாக இல்லை. இதைக் கண்டுபிடித்தவன் பிளம்பிங் வேலை பார்க்கிற ஒரு பையன். ஏன் என்று கேட்டான். இடப்பக்கம் எழுதச் சொன்னேன்.

கட்டங்கள் நிரம்பிய பிறகு தீர்க்கதரிசிகளை அவரவர் இடத்தில் ஒட்ட வேண்டும். இரண்டாம் யெரொபெயாமுக்கு எதிரே ஆமோஸ் வருவார். அந்த ராஜா எல்லைகளை மீட்டு விரித்ததாக 2 ராஜாக்கள் 14-இல் இருக்கிறது. நாடு கொழித்த காலம். ஆமோஸைத் தனியாக வாசிக்கிறவர்கள் பஞ்ச காலத்துப் புலம்பல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஏழையை விற்கிறவர்கள்மேல் வந்த கோபம் அது. தாளில் பக்கத்துப் பக்கத்தில் வந்த பிறகுதான் அந்தக் கோபத்தின் அளவு தெரிகிறது.

என் தொழில் புத்தியால் ஊர்ப்பெயர் வந்தால் வரைபடம் போடச் சொல்லுவேன். எலியா யேசபேலுக்குப் பயந்து ஓடின கதையில் எல்லாரும் சோர்வைப் பற்றி எழுதுவார்கள். யெஸ்ரயேல் எங்கே, பெயெர்செபா எங்கே என்று புள்ளி வைத்துப் பாருங்கள். நேர்க்கோட்டிலேயே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். தன் நாட்டைக் கடந்து, அடுத்த நாட்டின் தென்கோடிக்குப் போய், அதற்கும் அப்பால் வனாந்தரத்தில் ஒரு நாள் நடந்துதான் படுக்கிறார். தூதன் வந்து இரண்டு முறை சாப்பாடு கொடுக்கிறான், நடுவில் தூங்கவிடுகிறான். என்ன சோர்வு என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரணை ஓரேபில்தான்.

சங்கீதங்களில் இந்த முறை சற்று வளைந்து கொடுக்க வேண்டும். அட்டவணை போட்டால் கவிதை போய்விடும். ஆனால் அங்கேதான் வலப்பக்க ஒழுங்கு ரொம்பத் தேவைப்படுகிறது. 88ஆம் சங்கீதத்தை நான் அடிக்கடி வகுப்பில் கொடுப்பேன். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எப்படியாவது ஒரு துதியிலோ நம்பிக்கையிலோ முடிந்துவிடும். இது இருட்டிலேயே முடிகிறது. நோட்டுகளைத் திருப்பி வாங்கினால் ஐந்தில் நாலு பேர் வலப்பக்கத்திலேயே, 'கடைசியில் சங்கீதக்காரன் ஆறுதல் அடைகிறான்' என்று எழுதியிருப்பார்கள். அப்படி ஒரு வரியும் அங்கே இல்லை. பக்தியினால்தான் எழுதுகிறார்கள், பொய் சொல்ல வேண்டுமென்று அல்ல. கடவுளைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். ஒரு வகுப்பில், அந்த வருஷம்தான் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் மட்டும் இருப்பதை இருந்தபடி எழுதியிருந்தார். வலப்பக்கத்தில் இரண்டே வரி: காலையிலும் ஜெபிக்கிறார், பதில் வந்ததாக இல்லை. இடப்பக்கத்தில் அவர் எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை. மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இடப்பக்கத்தை வாத்தியார் திருத்தக் கூடாது என்பது என் வகுப்பில் பிறகு சட்டமே ஆயிற்று.

பிரசங்கம் செய்யத் தொடங்குகிற வாலிபர்களின் நோட்டுதான் சீக்கிரம் கெட்டுப்போகும். ஒரு பகுதியைத் திறந்த உடனே மூன்று தலைப்பு தேடுவார்கள்; மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும். அப்படிப்பட்ட நோட்டில் எல்லா வரியும் 'நாம்' என்று இருக்கும், 'நாம் ஜெபிக்க வேண்டும், நாம் மன்னிக்க வேண்டும்' என்று. எதிரே கூட்டம் உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்பிலேயே தனியறையில் வாசிக்கிறார்கள். இவர்களுக்கு நான் கொடுக்கிற வைத்தியம் கையால் நகல் எடுப்பது. எபேசியர் ஆறு அதிகாரத்தையும் பார்த்து எழுதிக்கொண்டு வா, அதுவரை தலைப்பு கிடையாது. முறைக்கிறவர்களுக்கு உபாகமம் 17-ஐக் காட்டுவேன். சிங்காசனத்தில் ஏறுகிற ராஜாவே நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு தினம் வாசிக்க வேண்டுமென்று அங்கே விதி இருக்கிறது. எபேசியரை எழுதிப் பார்த்தவன் எவனும் ஒன்றைக் கவனிக்காமல் தப்பிக்க முடியாது: முதல் மூன்று அதிகாரங்களில் வாசகர்களுக்குக் கட்டளை என்று ஏறக்குறைய ஒன்றுமே வருவதில்லை. பின் மூன்றில் வரிக்கு வரி வருகிறது.

கைபேசி வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டவன் நான். ஒத்தவாக்கிய அகராதியில் அரை நாள் தேடினதை அரை நிமிஷத்தில் கொடுக்கிறது. பழைய மொழிபெயர்ப்பையும் 1995-இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. இரண்டும் விலகுகிற இடத்தில் கேள்வி பிறக்கிறது. கண் மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். இதில் புகார் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தேடித்தரும் கருவி வசனத்தைத் தனியாகப் பிடுங்கித் தருகிறது. பழைய அகராதியிலும் அப்படித்தான் என்றாலும், அங்கே ஒவ்வொரு இடத்தையும் தாளைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். புரட்டும்போது முன்பின் பத்து வசனம் கண்ணில் பட்டுவிடும். இப்போது படுவதில்லை. பிள்ளைகள் வசனங்களுக்கு மஞ்சளும் பச்சையும் பூசிவைக்கிறார்கள். ஏன் பச்சை என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால் சிரிக்கிறார்கள். தட்டச்சு செய்ய அலுப்புப்பட்டுக் குரலில் பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு நன்மை, பேச்சுத் தமிழில் நேர்மையாகப் பேசிவிடுகிறார்கள். திரும்பக் கேட்டவரைத்தான் இன்னும் சந்திக்கவில்லை.

கூட்டத்தில் இப்போது இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறோம். தேடுவது கைபேசியில், எழுதுவது நோட்டில். இளையவர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் பேனா மெதுவாகப் போவதால் கண்ணும் மெதுவாகப் போகிறது என்பது இரண்டு மூன்று வாரத்தில் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது எங்கள் தெருவுக்குள்ளும் தண்ணீர் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் சொன்ன அந்த வெள்ளம். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த நோட்டுகள் ஊறிவிட்டன. மொட்டைமாடியில் பிரித்துக் காயப்போட்டபோது பேரன் உடன் இருந்தான். மைப்பேனாவில் எழுதியவை நீலமாகக் கரைந்து ஓடியிருந்தன. பால்பாயிண்டும் பென்சிலும் நின்றுவிட்டன. போனவற்றில் முக்கால்வாசி பிறருடைய பிரசங்கங்களைக் கேட்டு நான் எடுத்த குறிப்புகள். அவற்றுக்காக நான் வருந்தவில்லை. எசேக்கியேல் நோட்டு போனதுதான் மனசுக்குக் கஷ்டம். அதன் இடப்பக்கங்களில் பதில் கிடைக்காத கேள்விகள் ஏராளம் இருந்தன. மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கிறேன். பழைய கேள்விகளில் சில திரும்பி வருகின்றன, சில வரவில்லை, புதிதாகச் சில முளைத்திருக்கின்றன. இம்முறை பென்சில்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் இப்போது நெகேமியா. மூன்றாம் அதிகாரம் வந்ததும், "பேர் மட்டுந்தான சார், தாண்டிரலாமா?" என்று கேட்டார்கள். தாண்டவில்லை. எருசலேம் மதிலின் எந்தப் பகுதியை யார் கட்டினார் என்ற பட்டியல் அது. வட்டமாக மதிலை வரைந்து பெயர்களை அந்தந்த இடத்தில் எழுதச் சொன்னேன். தட்டான் ஒருவன் கட்டுகிறான், அவனுக்குப் பக்கத்தில் தைலக்காரன். சல்லூம் என்பவன் தன் குமாரத்திகளோடு வந்து கட்டுகிறான். தெக்கோவா ஊரார் கட்டுகிறார்கள், அவர்களுடைய பெரியவர்கள் மட்டும் வேலைக்கு வளையவில்லை. நர்சிங் படிக்கிற ஒரு பெண், அதே தெக்கோவா ஊரார் கீழே 27ஆம் வசனத்தில் இன்னொரு பங்கையும் கட்டுவதைக் கண்டுபிடித்தாள். பெரியவர்கள் வராததால் இவர்கள் இரண்டு பங்கு கட்டினார்களா என்று கேட்டாள். மெரெமோத்தும் இரண்டு இடத்தில் வருகிறானே, அவன் ஊரில் யார் வராமல் போனார்கள் என்று மற்றொருவன் மடக்கினான். கேள்வி இரண்டும் இடப்பக்கம் போயிருக்கின்றன. வருகிற சனிக்கிழமை நாலாம் அதிகாரம்.